ஜில்லு கை வைத்த கார்

விழுப்புரம் பக்கம் ஓடுகிற பழைய டீசல் கார்களில் பாதி, ஜில்லு கை வைத்துச் சரி என்று சொன்னவை. மீதிப் பாதி, ஜில்லு கை வைத்து வேண்டாம் என்று சொன்னவை. அவர் கை படாத டீசல் கார் என்று ஒன்று இருந்தால் அது ஷோரூமில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருக்கும். அதையும் ஒருநாள் வாட்ச்மேன் அசந்த நேரத்தில் உள்ளே புகுந்து தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால், பெயரா வண்டி ஓட்டப் போகிறது என்பார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டீசல் எஞ்சின்களைப் பிரித்து மாட்டி ரிடையரானவர். கீழ்ப்பெரும்பாக்கத்தில் ஓர் ஓட்டு வீடு, வாசலில் ஒரு சைக்கிள், அவ்வளவுதான் ஆஸ்தி. ஊரார் வாங்கப் போகும் செகண்ட் ஹேண்ட் டீசல் கார்களைப் பார்த்துச் சொல்வதே ஓய்வுக் காலத்து உத்தியோகம். கூலி வாங்கமாட்டார். டிபன் மட்டும் கொடுக்க வேண்டும், அதுவும் வீட்டு டிபன்.

ஜில்லு என்ற பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். டீசல் எஞ்சினின் யோக்கியதை, ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த பிறகு காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தெரியும் என்பது அவர் கட்சி. சூடாக இருக்கும்போது எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். அதனால் விற்கிறவர்கள், பார்ட்டி வருவதற்குள் ஒரு ரவுண்டு ஓட்டி, சூடாக்கி, ஒன்றும் தெரியாதவர்கள் போல நிறுத்தி வைப்பார்கள். இவர் விடிந்தும் விடியாமலும் போய் நிற்பார். கும்பிடுகூடப் போடமாட்டார். நேராக பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். வீட்டுக்காரர் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் தீர்ப்பு முடிந்திருக்கும்.

"ஜில்லுனு இருந்தாத்தான் சார் மத்ததப் பத்திப் பேச்சு" என்பார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் மனைவி ஸ்டெல்லாவின் முதுகால். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது இது. ஸ்டெல்லா திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். எனக்கு வேலை விழுப்புரத்தில், ஓர் அலுவலகத்தில், ஃபைலை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்த்துவது. வீடும் விழுப்புரத்தில். அவள் தினமும் போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வருவாள், பாதி நாள் நின்றுகொண்டே. பதினான்கு வருஷம் இப்படி நின்றதில் முதுகில் ஒரு டிஸ்க் இடம் பெயர்ந்துவிட்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இந்தப் படிப்பு வருஷம் முடிகிற வரைக்கும் எப்படியோ ஓட்டிக்கொள்ளுங்கள், ஜூன் மாசம் பள்ளி திறந்த பிறகும் பஸ்ஸில் போனால் படுக்கைதான் என்று சொல்லிவிட்டார்.

வேலையை விடுவது என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டெல்லாவின் கணக்கு வகுப்பில் தேறாமல் போன பிள்ளை கிடையாது. தேறாது போலிருக்கிற பிள்ளையை வீடு தேடிப் போய் இழுத்து வருகிறவள் அவள். அப்படிப்பட்டவளை வீட்டில் உட்கார வைத்தால் அடுத்துத் திருத்துவதற்கு அவளுக்கு மிஞ்சுவது நான் ஒருவன்தான். அந்தப் பயமும் எனக்கு இருந்தது.

எனவே ஒரு சின்ன டீசல் கார், பழையது, வாங்குவது என்று முடிவாயிற்று. வீட்டுக் கடன் இருந்ததால் புதுசு கட்டுப்படியாகாது. தினமும் எண்பது கிலோமீட்டருக்கு பெட்ரோலும் கட்டுப்படியாகாது. ஓட்டப் போகிறவள் அவள்தான். முதுகைப் பிடித்துக்கொண்டே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவன் வண்டி பார்க்கப் போனால் கலரைத்தான் பார்ப்பான் என்று ஆபீசில் சொல்லி, என்னை ஜில்லுவிடம் அனுப்பினார்கள்.

நான் ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். என்னைப் பார்க்காமல் ஸ்கூட்டர் எஞ்சினுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். வீடு பக்கத்தில்தான், கிழக்கே இரண்டு தெரு தள்ளி என்றேன். "ரெண்டு தெருவுக்கு இவ்ளோ சூடு ஆவாதே. வழியில எங்கயோ நின்னுக்கினு வந்திருக்கீங்க" என்றார். டீக்கடையில் எஞ்சினை அணைக்காமல் நின்று ஒரு வடை தின்றுவிட்டு வந்திருந்தேன். இவரிடம் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குத் தயாராக இருங்கள் என்றார். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை என்றால் மாதா கோயில் பூசை. ஸ்டெல்லா யோசித்து, வண்டி கிடைக்கும் வரை எனக்குச் சனிக்கிழமை மாலைப் பூசை போதும் என்று தீர்ப்பளித்தாள். சாமியார் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பிப்ரவரியில் கிளம்பினோம். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான் எப்போதுமே இப்படித்தான் நினைப்பவன்.

முதல் கார் திண்டிவனத்தில், உரக்கடைக்காரர் ஒருவருடையது. ஆறு மணிக்கு வாசலில் நின்றோம். ஜில்லு கையை வைத்தார், எடுத்தார், என்னைப் பார்த்தார். கடைக்காரர் வெளியே வந்து, இப்போதுதான் பால் வாங்கப் போய்விட்டு வந்தேன் என்று சிரித்தார்.

"பால் எங்க?" என்றார் ஜில்லு.

கடைக்காரர் கையைப் பார்த்துக்கொண்டார், காருக்குள் பார்த்தார், கடைசியில் மனைவியைக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து அந்த அம்மா, பால்காரன் இன்னும் வரவில்லையே என்று குரல் கொடுத்தார். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

அனந்தபுரத்துக் கார் ஜில்லென்றுதான் இருந்தது. அதனால் இரண்டாவது பரீட்சை. ஜில்லு சட்டைப் பையிலிருந்து நீலம் போட்டுத் துவைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்து உதறி, சைலன்சர் வாயில் கட்டினார். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் மிதிக்கச் சொன்னார். பிறகு கைக்குட்டையை அவிழ்த்து, சூரியன் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஸ்டெல்லாவின் டாக்டர் படம் பார்த்த அதே மாதிரி. அதற்குள் அந்த வீட்டார் எல்லாரும், மருமகள் கைக்குழந்தையோடு, பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். பெரியவர் ஒருவர், பிழைக்குமா என்று கேட்டார். ஜில்லு தலையை மெதுவாக ஆட்டி, கறுத்துப் போன கைக்குட்டையை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்து, தோள்மேல் தட்டிவிட்டு நடந்தார். துக்கம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் மாதிரி நானும் சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்.

பனமலைப் பக்கத்துக் காரில் மூன்றாவது பரீட்சை. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, அதைக் கவிழ்த்து அந்த ஓட்டையின் மேலேயே சும்மா வைப்பார். நல்ல எஞ்சின் என்றால் மூடி லேசாக அதிர்ந்துகொண்டு கிடக்கும். உள்ளே தேய்ந்து போயிருந்தால் கீழேயிருந்து காற்று முட்டி மூடி ஆடும். இந்தக் காரில் மூடி ஆடவில்லை, எகிறிப் பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கார்க்காரர் அசரவில்லை. வயசான வண்டி, கொஞ்சம் மூச்சு வாங்கும் என்றார். வேலிக்குள் புகுந்து மூடியைத் தேடி எடுத்து வந்தது நான்தான். முள் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது.

இந்த மாதிரி மார்ச் மாதத்துக்குள் ஒன்பது கார். ஒன்பதையும் வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒவ்வொரு வாரமும் எங்கேயாவது ஒரு பம்பு செட்டிலோ கோயில் குளத்தங்கரையிலோ உட்கார்ந்து ஸ்டெல்லா கட்டிக் கொடுத்த டிபனைத் தின்போம். இட்லியும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைச் சட்னியும், இல்லாவிட்டால் முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை. ஜில்லு அடையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, அவசரமே இல்லாமல் சாப்பிடுவார். டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, மூடி சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்துத்தான் என்னிடம் கொடுப்பார். டீச்சரம்மாவிடம் சட்னி நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள் என்பார். நானும் மறக்காமல் சொல்வேன்.

ஏப்ரலில்தான் விஷயம் கொஞ்சம் கோணலாகப் போக ஆரம்பித்தது. ஜில்லென்று இருந்த கார்கள், கைக்குட்டை வெள்ளையாகவே வந்த கார்கள், மூடி சாதுவாகக் கிடந்த கார்கள் எல்லாம் வந்தன. அவையும் தேறவில்லை. டாக்டர் ஒருவருடைய கார், கண்ணாடி மாதிரி இருந்தது. டாக்டர் வண்டி வேண்டாம், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் இரண்டே தெரு, டீசல் எஞ்சின் அதில் கெட்டுப்போகும் என்றார் ஜில்லு. அதிலாவது ஒரு நியாயம் இருந்தது. அடுத்த கார் டாஷ்போர்டில் வரிசையாக எட்டு சாமி படம்.

"பிரேக் ஒழுங்கா புடிக்கிற வண்டிக்கு ஒரு சாமி போதும் சார். எட்டு எதுக்கு?" என்றார்.

எட்டும் எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, வந்துவிட்டோம். இன்னொரு வீட்டில், சாவியைக் கொடுக்கும்போது கார்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அருமையான வண்டி என்று ஜில்லுவே ஒப்புக்கொண்டார். ஆனால் அழுகிறவர் நாளைக்கே திருப்பிக் கேட்பார், வேண்டாம் என்றார். அதற்கடுத்த வாரம் ஒரு காரை, ஹாரன் சத்தம் சோகமாக இருக்கிறது என்று தள்ளினார். அன்றைக்கு நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், ஹாரனை மாற்றிக்கொள்ள முடியாதா என்று. "மாத்தலாம் சார். மனசு ஒப்பணுமே" என்று சொல்லிவிட்டு அடையைப் பிய்த்தார்.

இதற்கிடையில் ஏப்ரல் கடைசியில் ஒருநாள், பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஸ்டெல்லா விக்கிரவாண்டியில் பாதி வழியில் இறங்கிவிட்டாள். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பழக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எனக்கு போன் பண்ணினாள். எங்கள் தெரு ஆட்டோக்காரர் மணியை அழைத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தாள். ஸ்டெல்லா அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து எதையோ தேடும்போது பைபிளுக்குள் ஒரு காகிதம் கிடைத்தது. ராஜினாமா கடிதம். முத்து முத்தான கையெழுத்தில், தேதி மட்டும் போடாமல். மே மாசக் கடைசிக்குள் கொடுத்தால்தான் பள்ளியில் வேறு ஆள் போட முடியும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நான் மடித்து வைத்துவிட்டேன். ஜில்லு மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். அவருக்குத் தெரியாமல், ஒரு வேலைநாளில் லீவு போட்டுவிட்டு, திண்டிவனத்தில் ஒரு புரோக்கரிடம் போனேன். வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ, விரலில் நாலு மோதிரம். சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன டீசல் கார், பார்த்தாலே முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. நான் மூன்று மாசம் அப்ரண்டிஸாக இருந்தவன் அல்லவா, பந்தாவாக நடந்துபோய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்றிருந்தது. அப்படி ஒரு சில்லிப்பை நான் எந்தக் காரிலும் கண்டதில்லை. புரோக்கரும் பயபக்தியோடு, விழுப்புரத்துப் பார்ட்டிகள் எல்லாம் இப்படித்தான் பார்க்கிறார்கள் சார் என்றார்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நாளைக்கே முடித்துவிடலாம் என்றேன். பானெட் எவ்வளவு குளிர்ச்சி, கையை எடுத்தால் உள்ளங்கையில் ஈரமே ஒட்டியிருந்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஈரம் எப்படி வந்துச்சு?" என்றாள்.

பனியாக இருக்கும் என்றேன்.

"மே மாசம் பதினோரு மணிக்கா?"

யோசித்துப் பார்த்தால், கார் பக்கத்தில் சொட்டச் சொட்ட ஒரு கோணிப்பை கிடந்தது ஞாபகத்துக்கு வந்தது. ஜில்லுவின் புகழ் திண்டிவனம் வரைக்கும் போயிருக்கிறது. நனைத்த கோணியைப் போட்டு பானெட்டை ஆற வைத்திருக்கிறார்கள். ஸ்டெல்லா என்னைத் திட்டவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிறு மே மாதத்தின் கடைசி ஞாயிறு. இருபத்து நான்காவது கார், திருவாமாத்தூரில். ஸ்டெல்லாவுக்காக மணியின் ஆட்டோவில் போனோம். கார்க்காரர் மல்லாட்டையும் கரும்பும் போடுகிற விவசாயி, கார் மகளுக்காக வாங்கியது, மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வெள்ளை நிறத்தில் சின்ன டீசல் கார். ஜில்லு கை வைத்தார், ஜில். சாவி போட்டுத் திருப்பினார், பாதித் திருப்பலில் எடுத்துக்கொண்டது. கைக்குட்டையை அவிழ்த்தபோது அதை அப்படியே முகம் துடைக்கலாம் போல இருந்தது. மூடி அசையவில்லை. ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லாவை உட்கார வைத்து ஓட்டச் சொன்னார். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முதுகில் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். அவள் முகத்தைப் பின் சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இதுதான் எங்கள் வண்டி.

இறங்கி, பம்பு செட் பக்கத்தில் டிபன் சாப்பிட்டோம். ஜில்லு காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வாய் அடையை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"ஸ்டியரிங் கவர் கத்திரிப்பூ கலர்ல இருக்குது சார். எனக்கு என்னவோ புடிக்கல."

கார்க்காரர் ஸ்டியரிங்கை எட்டிப் பார்த்தார். நான் எழுந்தேவிட்டேன், என்ன பேசப் போகிறோம் என்றுகூடத் தெரியாமல். ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஜில்லு டப்பாவை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். கழுவினார், துடைத்தார், மூடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே திரும்பி, அடுத்த ஞாயிறு செஞ்சிப் பக்கம் போகலாமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஏங்க, அவருக்கு வீட்ல யாரு இருக்காங்க?" என்று ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்.

மனைவி போய் நாலு வருஷம் ஆயிற்று, ஒரே மகள் வடக்கே எங்கேயோ இருக்கிறாள் என்று ஆபீசில் சொன்னதைச் சொன்னேன்.

"இந்த வண்டி கெடச்சிட்டா, வர்ற ஞாயித்துக்கெழம அவரு எங்க போவாரு?"

நான் கணக்கில் மந்தம். பதினாறு ஞாயிற்றுக்கிழமை அவரோடு சுற்றியும் எனக்கு இது விளங்கவில்லை. அவளுக்கு ஒரே காலையில் விளங்கிவிட்டது.

கிளம்பும்போது கார்க்காரர், ஒன்பது மணிக்கு வேறு ஒரு பார்ட்டி வருகிறது, அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கொஞ்சம் வீம்பாகவே சொன்னார். ஆட்டோ பாதி வழி வந்திருக்கும். ஜில்லு முன் சீட்டில் மணியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா பின்னாலிருந்து பேச ஆரம்பித்தாள். வகுப்பில் மக்குப் பையனிடம் பேசுகிற குரல் அது, எனக்கு நன்றாகப் பழக்கம்.

"அண்ணா, வண்டி வாங்கிட்டா உங்க வேல முடிஞ்சிடும்னு நெனச்சுக்கினு இருக்காதீங்க. நான் தனியா போய்ட்டு வர்றவ. வாராவாரம் ஞாயித்துக்கெழம நீங்க வந்து கை வச்சுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் திங்கக்கெழம நான் வண்டிய எடுப்பேன்."

ஜில்லு திரும்பாமல், கைக்குட்டையை எடுத்து மடித்து மறுபடி பைக்குள் வைத்தார்.

"பத்து மணிக்கு வந்தா பரவால்லியாம்மா?" என்றார்.

"எங்க வீட்ல டிபனே பத்து மணிக்குத்தான்."

இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு ஜில்லு மணியின் தோளைத் தட்டினார்.

"வண்டியத் திருப்புப்பா, ஜல்தி. அந்தக் கவர வேணும்னா மாத்திக்கலாம்."

மணி ஓட்டிய ஓட்டத்தில் ஸ்டெல்லாவின் இன்னொரு டிஸ்க்கும் நகர்ந்துவிடுமோ என்று நான் பயந்தேன். போய்ச் சேர்ந்தபோது வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அந்த ஒன்பது மணிப் பார்ட்டி, அரை மணி முன்னாலேயே வந்துவிட்டது. பைபிளுக்குள் இருக்கிற காகிதம் கண்ணுக்கு முன் வந்தது. ஆனால் அவர்களில் பெரியவர் பானெட்டின் மேலிருந்து கையை எடுத்து, கார்க்காரரைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து ஜில்லுவுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"நல்ல வேளை, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி கை வச்சுப் பாத்தேன். சூடா இருக்குதுங்க. ஓட்டிட்டு வந்து நிறுத்தி வச்சிருக்கான். ஏமாத்துக்காரன். வாணாம், போய்டுங்க."

ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியது நாங்கள். ஏரிக்கரை வரை போய் வந்த சூடு அது. கார்க்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார், ஸ்டெல்லா அவரை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார். ஜில்லு ஆகாயத்தைப் பார்த்தபடி, வெயில் ஏறிவிட்டது என்று பொதுவாகச் சொன்னார். அந்தப் பெரியவர் திருப்தியாகப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் ஜில்லு போய் பானெட்டில் கையை வைத்தார். சூடான பானெட்டில் அவர் கை அவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததே இல்லை. "எஞ்சின்னா சூடாத்தான் சார் இருக்கும்" என்றார், ஏதோ நான்தான் இத்தனை நாளும் ஜில்லென்று கேட்டுக்கொண்டிருந்தவன் மாதிரி.

கார் வீட்டுக்கு வந்த அன்று ஸ்டெல்லா பைபிளைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். தண்ணீர் தெளித்துக் கசக்கி, முன்கண்ணாடியை அதால் துடைத்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாள் ஏழரை மணிக்கு அவள் சாய்ந்து உட்கார்ந்து, திண்டிவனம் போனாள். அந்தக் கத்திரிப்பூக் கலர் கவரை மாற்றலாம் என்று நான் சொன்னபோது, அது அப்படியே இருக்கட்டும் என்றாள். இன்றைக்கும் இருக்கிறது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் கார் வந்த பெருமையில் காலைப் பூசைக்குக் காரிலேயே போனோம். கோயில் வாசலில் நாலு பேர் பார்க்கும்படி இறங்கினோம். திரும்பி வந்து நிறுத்திய கொஞ்ச நேரத்தில், பத்து மணிக்கு, ஜில்லு சைக்கிளில் வந்தார். சலவைச் சட்டை, தலையில் எண்ணெய். அழைப்பு மணியை அடிக்கவில்லை, நேராகக் காரிடம் போனார். உள்ளங்கையை வைத்தார், எடுத்தார். அவர் முகம் சுருங்கியது. ஜன்னல் வழியாக நாங்கள் இருவருமே பார்த்தோம். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "பால் வாங்கப் போனீங்களாம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு ஒரு அடைதான் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை ஸ்டெல்லா மணியை வரச் சொல்லிவிட்டாள். வாசலில் கார் நிற்க, நாங்கள் ஆட்டோவில் ஏறிப் பூசைக்குப் போனோம். கார் ரிப்பேரா சார் என்று மணி கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அதற்கு அடுத்த வாரமும் கேட்டார். பிறகு அவரே புரிந்துகொண்டு கேட்பதை நிறுத்திவிட்டார். பத்து மணிக்கு ஜில்லு வந்து கையை வைப்பார், முகம் மலரும், சாவியை வாங்கிப் பாதித் திருப்பலில் ஸ்டார்ட் பண்ணுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், நாளைக்கு எடுக்கலாம் என்பார். அதன் பிறகுதான் டிபன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. ஸ்டெல்லா அதே காரில்தான் போய் வருகிறாள். ஜில்லுவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, சைக்கிள் மிதிக்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நான் ஸ்கூட்டரில் போய், அவரைப் பின்னால் உட்கார வைத்து, மெதுவாகக் கூட்டி வருகிறேன். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொள்வார், மற்றக் கையில் நீலம் போட்டுத் துவைத்த கைக்குட்டை. அந்த வயசில் அவரை ஸ்கூட்டரில் ஏற்றி இறக்குகிறீர்களே, டீச்சரம்மா காரை எடுத்துக்கொண்டு போய்ச் சௌகரியமாக அழைத்து வரக் கூடாதா என்று தெருவில் கேட்கிறார்கள்.

போகலாம்தான். ஆனால் கார் சூடாகிவிடுமே.